பேட்டரியைத் திட்டாதீங்க: பழைய டிராக்டரும் ஆல்டர்னேட்டர் வயரிங்கும்

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கிறேன்.)

இந்த வாரம் கோடிங் இல்லை, கிளவுட் இல்லை, ஏஐ இல்லை. டிராக்டர்.

சிரிக்காதீங்க. இதைக் கேட்கிற பல பேருக்கு ஊர்ல ஒரு மாமாவோ சித்தப்பாவோ பழைய டிராக்டர் வச்சிருப்பாங்க. காலையில சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளணும், இல்லைன்னா இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கணும். ஸ்டார்ட் ஆனதும் எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை: "பேட்டரி போயிடுச்சு." புது பேட்டரி வாங்குவாங்க. அடுத்த வருஷமும் இதே கதை.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். இப்படி அடிக்கடி பேட்டரி மாத்துற வண்டிகளில் பல நேரம் தப்பு பேட்டரியில் இருக்காது. அதைப் பட்டினி போட்டுக் கொல்ற வயரிங்கில் இருக்கும். அந்த வயரிங் ரொம்பச் சின்னது. மூணு வயர், ஒரு எர்த், ஒரு குட்டி பல்பு. அது புரிஞ்சுட்டா, ஒரு சாதாரண மல்டிமீட்டரை வச்சு நீங்களே கண்டுபிடிக்கலாம். என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்கிற ஆளாலயும் முடியும்.

முதல்ல டைனமோ, அப்புறம் ஆல்டர்னேட்டர்

ரொம்பப் பழைய டிராக்டர்களில் இருந்தது டைனமோ. அதுல மின்சாரம் உற்பத்தி ஆகிறது சுத்துற பாகத்தில். உற்பத்தியான மொத்த கரண்டும் கார்பன் பிரஷ் வழியாத்தான் வெளியே வரணும். அதனால பெரிய கரண்டை எடுக்க முடியாது. பிரிட்டிஷ் வண்டிகளில் நிறையப் பார்க்கக் கூடிய லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சமாகக் கொடுக்கிறது 22 ஆம்பியர் அளவுதான். அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடினாத்தான். மெதுவா ஓடும்போது டைனமோவிலிருந்து கிட்டத்தட்ட ஒண்ணும் வராது. எஞ்சின் நின்னதும் பேட்டரியில் இருக்கிற கரண்ட் திரும்ப டைனமோவுக்குள் ஓடிடக் கூடாதுன்னு தனியா ஒரு கட்-அவுட் பெட்டி வேற இருக்கும்.

ஆல்டர்னேட்டர் இதை அப்படியே தலைகீழாக்குது. சுத்துற பாகம், அதாவது ரோட்டர், வெறும் மின்காந்தம். அதைச் சுத்தி அசையாம நிக்கிற சுருளில்தான் மின்சாரம் உற்பத்தி ஆகுது. பிரஷ் வழியாப் போறது அந்தக் காந்தத்துக்குத் தேவையான 3, 4 ஆம்பியர் மட்டும்தான். பெரிய கரண்ட் எதுவும் பிரஷைத் தொடுறதே இல்லை. உற்பத்தி ஆகிறது ஏசி. அதை உள்ளேயே இருக்கிற டயோடுகள் டிசியா மாத்துது. டயோடு ஒரு வழிப் பாதைங்கிறதால கட்-அவுட் பெட்டியும் தேவையில்லை. எஞ்சின் மெதுவா ஓடும்போதும் ஓரளவு சார்ஜ் கிடைக்கும்.

1960-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தது. அதுக்கப்புறம் மெதுவா எல்லா வண்டிக்கும் வந்துடுச்சு. பழைய டிராக்டரில் டைனமோ பழுதானா, இப்போ அதே இடத்தில் ஆல்டர்னேட்டர் மாட்டுறதுதான் வழக்கம். நல்ல முடிவுதான். பெல்ட் போட்டு, பிராக்கெட் வெல்டு பண்ணி மாட்டிடுவாங்க. பிரச்சனை அதுக்கப்புறம் ஆரம்பிக்குது. பழைய டைனமோ வயரையே புது ஆல்டர்னேட்டருக்கும் கொடுத்துடுவாங்க.

அந்தக் குட்டி பல்பு என்ன வேலை பார்க்குது?

இந்த எபிசோடில் ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கிறதா இருந்தா, இந்தப் பகுதியை வச்சுக்கோங்க.

ரோட்டர் ஒரு மின்காந்தம்னு சொன்னேன். மின்காந்தத்துக்கு மின்சாரம் வேணும். ஆல்டர்னேட்டர் ஓட ஆரம்பிச்சுட்டா தன் காந்தத்துக்கு வேண்டியதைத் தானே கொடுத்துக்கும். ஆனா ஓடத் தொடங்கும்போது? அப்போ வெளியிலிருந்து கொஞ்சம் கரண்ட் வந்தாகணும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதலில் ஒரு குட்டி புரோகிராம் ஓடி, அது பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுப்பும் இல்லையா, அந்த மாதிரி.

அந்த முதல் கரண்ட் வர்ற வழிதான் டேஷ்போர்டில் இருக்கிற சிவப்பு சார்ஜிங் பல்பு. சாவியைத் திருப்பினதும் பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்பி, சாவி சுவிட்ச் வழியா பல்புக்கு வந்து, அங்கேயிருந்து ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனைக்குப் போய், ரோட்டருக்குள் நுழையும். சில ஆல்டர்னேட்டரில் இந்த முனைக்கு 'எல்' அல்லது 'ஐஎன்டி'ன்னு குறி இருக்கும். பல்பு எரியுது, ரோட்டர் லேசா காந்தமாகுது. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்குது. இப்போ டி பிளஸ் முனையிலும் 14 வோல்ட், பேட்டரி பக்கமும் 14 வோல்ட். பல்பின் ரெண்டு பக்கமும் சமமானதால் அது அணைஞ்சிடும்.

அதாவது அந்தப் பல்பு வெறும் இண்டிகேட்டர் கிடையாது. சர்க்யூட்டில் அதுவும் ஒரு பாகம். பல்பு ஃபியூஸ் போனா ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க கரண்ட் கிடையாது.

"என் வண்டியில பல்பே இல்லை, ஆனாலும் சார்ஜ் ஆகுதே"ன்னு சிலர் கேட்பாங்க. ரோட்டர் இரும்பில் பழைய காந்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எஞ்சினை நல்லா முறுக்கினா அந்த மிச்சத்தை வச்சே அது விழிச்சுக்கும். காரில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை மிதிச்சா போதும். ஆனா டிராக்டர் எஞ்சின் கார் மாதிரி 3000, 4000 ஆர்பிஎம்முக்குப் போகாது. மெதுவா, ஒரே வேகத்தில் மணிக்கணக்கா ஓடும். அன்னைக்கு முழுக்க உழுதாலும் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே இருக்க வாய்ப்பு இருக்கு.

பல்பின் வாட் அளவும் முக்கியம். வழக்கமாப் போடுறது 2.2 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 0.18 ஆம்பியரை விடும், போதுமானது. இப்போ ஃபேஷனா எல்லாத்தையும் எல்இடி ஆக்குறாங்க. ஒரு சின்ன எல்இடி விடுறது 0.02 ஆம்பியர் அளவு. ஒன்பதில் ஒரு பங்கு. அது பல ஆல்டர்னேட்டருக்குப் பத்தாது. எல்இடிதான் வேணும்னா, அதுக்கு இணையா 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு போடுங்க. சாதாரண பல்பு இருந்தாலும் இந்த ரெசிஸ்டர் போட்டுக்கலாம். என்னைக்காவது பல்பு ஃபியூஸ் போனாலும் சார்ஜ் நிக்காது. சர்வர் உலகத்தில் இதைத்தான் ரிடண்டன்சின்னு பெருமையா சொல்லிக்கிறோம்.

மாமா வண்டியில் நடந்தது

மன்னார்குடி பக்கத்தில் என் மாமா ஒரு பழைய 35 ஹெச்பி டிராக்டர் வச்சிருக்கார். செகண்ட் ஹேண்ட். ரெண்டு வருஷத்தில் மூணு பேட்டரி மாத்தினார். அறுவடை நேரத்தில் நெல் மூட்டையை ஏத்திக்கிட்டுக் கொள்முதல் நிலையத்துக்குப் போவார். வரிசையில் நின்னு திரும்பும்போது ராத்திரி ஆயிடும். ஒரு நாள் திரும்பி வரும்போது ஹெட்லைட் மங்கி மங்கி அணைஞ்சே போச்சு. டிரெய்லருக்குப் பின்னாடியும் லைட் கிடையாது. இருட்டு ரோட்டில் லைட் இல்லாத டிரெய்லர் நின்னா, பின்னாடி பைக்கில் வர்றவர் கண்ணுக்கு அது கடைசி நொடி வரை தெரியாது. பேட்டரி காசு கூடப் பரவாயில்லை. இதுதான் எனக்குப் பயம்.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ காலையில 5 மணிக்கு, யாரும் வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி, ஆல்டர்னேட்டர் மேல கையை வச்சுப் பார்த்தேன். வெதுவெதுன்னு இருந்தது.

"மாமா, நேத்து எப்போ வண்டியை நிறுத்தினீங்க?"

"சாயங்காலம் ஆறு மணி இருக்கும், மாப்ள. ஏன்?"

பதினோரு மணி நேரமா நிக்கிற வண்டியில் ஆல்டர்னேட்டர் சூடா இருக்குன்னா, அதுக்குள்ள கரண்ட் ஓடிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். ஒரு ஸ்குரூ டிரைவரைப் பின்பக்க பேரிங் கிட்டக் கொண்டு போனேன். 'டப்'னு ஒட்டிக்கிச்சு. சாவி ஆஃப். ஆனா ரோட்டர் காந்தமா நிக்குது.

நடந்தது இதுதான். என்னைக்கோ சார்ஜிங் பல்பு ஃபியூஸ் போயிருக்கு. ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணலை. யாரோ ஒரு மெக்கானிக் பல்பைப் பார்க்காம, டி பிளஸ் முனைக்கு நேரா பேட்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்துட்டார். உடனே சார்ஜ் வந்திருக்கும். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அந்த வயருக்கு சாவியும் இல்லை, பல்பும் இல்லை. இரவும் பகலும் ரோட்டர் சுமார் 3 ஆம்பியரைக் குடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. 10 மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-அவர். ஒரு 80 ஆம்பியர்-அவர் பேட்டரி ரெண்டு நாள் சும்மா நின்னா கிட்டத்தட்டக் காலி. இப்படித் திரும்பத் திரும்ப அடி வரை காலியான லெட்-ஆசிட் பேட்டரி நீடிக்காது. பிளேட்டில் சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும்.

அந்த வயரை எடுத்துட்டு, சாவி சுவிட்ச் வழியா ஒரு 2.2 வாட் பல்பு, இணையா ஒரு ரெசிஸ்டர். செலவு ஒரு டீ பார்ட்டிக்கு ஆகிறதை விடக் கம்மி.

மூணு வயரும் அதன் அளவும்

இப்போ முறையா வயரிங் பண்றது எப்படின்னு பார்க்கலாம்.

முதல் வயர் பி பிளஸ். ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்குப் போறது. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு வர்ற தடிமனான கேபிள் முடியற போல்ட்டில் இதைச் சேர்த்தா தூரம் குறையும்.

இந்த வயரின் தடிமன்லதான் நிறையப் பேர் கஞ்சத்தனம் பண்றாங்க. ஒரு சின்னக் கணக்கு. வீட்டு வயரிங்கில் வர்ற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 2 மீட்டர் எடுத்தா, அதன் மின்தடை சுமார் 0.014 ஓம். 35 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 0.48 வோல்ட் காணாமப் போகும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தா பேட்டரிக்கு வர்றது 13.7. அதுக்கு மேல அந்த வயர் 17 வாட் சூட்டை வெளியே விடும். இதையே 10 சதுர மில்லிமீட்டரில் போட்டா இழப்பு 0.12 வோல்ட், சூடு 4 வாட் அளவுதான். ராத்திரி வொர்க் லைட் எல்லாம் போட்டு உழும்போது இந்த அரை வோல்ட் வித்தியாசம் மணிக்கணக்கில் சேர்ந்துக்கிட்டே போகும். பேட்டரி எப்பவுமே முக்கால் வயித்தோடதான் இருக்கும்.

வீட்டு வயரில் இன்னொரு சிக்கலும் இருக்கு. அதுல இழைகள் கம்மி, தடிமன் அதிகம். டிராக்டர் அதிர்வில் அது ஒடிஞ்சிடும். ஆட்டோ கேபிளில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும், வளைஞ்சு கொடுக்கும்.

இந்த வயருக்கு ஒரு ஃபியூஸ் கட்டாயம் வேணும், அதுவும் பேட்டரி பக்கத்து முனையில். சாவி ஆஃப் ஆனாலும் இந்த வயரில் எப்பவும் உயிர் இருக்கும். எங்கேயாவது உரசி பாடியைத் தொட்டா, பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். பக்கத்திலேயே வைக்கோலும் டீசலும் இருக்கு. 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 50 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்க. சரியா 35-ன்னு போட்டா ஓடிக்கிட்டு இருக்கும்போதே எரியலாம். அது ஏன் ஆபத்துன்னு கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

ரெண்டாவது வயர் டி பிளஸ். சாவி சுவிட்ச், பல்பு, டி பிளஸ்ங்கிற வரிசை. மெல்லிய வயரே போதும். சாவியால் எஞ்சின் நிக்கிற வண்டி, அதாவது ஃப்யூயல் சோலினாய்டு இருக்கிற வண்டின்னா, இந்த வயரில் ஒரு 1என்4007 டயோடையும் சேருங்க. இல்லைன்னா சாவியை ஆஃப் பண்ணின பிறகும் ஆல்டர்னேட்டரிலிருந்து பல்பு வழியாப் பின்னாடி கரண்ட் வந்து எஞ்சின் நிக்காமப் போகலாம். கையால இழுத்து நிறுத்துற பழைய டீசல் எஞ்சினில் அந்தக் கவலை இல்லை.

மூணாவது வயர் 'டபிள்யூ' முனை. ஆர்பிஎம் மீட்டருக்கானது. மீட்டர் இல்லைன்னா அதைச் சும்மா விட்டுடலாம்.

பழைய கட்-அவுட் பெட்டியை மொத்தமா சர்க்யூட்டிலிருந்து எடுத்துடணும். டேஷ்போர்டில் இருக்கிற பழைய அம்மீட்டரையும் கவனிங்க. டைனமோ காலத்து கரண்டுக்கு செஞ்சது அது. புது ஆல்டர்னேட்டரின் மொத்த கரண்டும் அது வழியாப் போனா சூடாகும், சில சமயம் எரியும். அதுக்குப் பதிலா ஒரு வோல்ட்மீட்டர் வச்சா பாதுகாப்பு, தகவலும் அதிகம்.

எர்த்: எல்லாரும் மறக்கிற பாதி சர்க்யூட்

கரண்ட் போனா திரும்பி வரணும். திரும்பி வர்ற பாதை டிராக்டரின் உடம்பு. புது பிராக்கெட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு, அதுமேல ஆல்டர்னேட்டரை முடுக்கினா, பெயிண்ட் நடுவுல நிக்கும். துருவும் அப்படித்தான். பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு தடி வயர் போட்டாலும் திரும்பி வர்ற வழி அடைச்சா பிரயோஜனம் இல்லை.

ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தனியா ஒரு எர்த் வயர் போடுங்க. உலோகம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, லக் வச்சு முடுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. பேட்டரி நெகட்டிவ் கேபிள் சேஸில் சேர்ற இடத்தையும் இதே மாதிரி சுத்தம் பண்ணுங்க.

சேறு, அதிர்வு, வாட்டர் சர்வீஸ்

காருக்கும் டெல்டா டிராக்டருக்கும் இதுல பெரிய வித்தியாசம். கேஜ் வீல் போட்டு சேத்துல உழும்போது சேறு எல்லா இடத்துக்கும் தெறிக்கும். அப்புறம் வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணி. அது நேரா ஆல்டர்னேட்டர் மேல அடிச்சா சேறும் தண்ணியும் பிரஷ், பேரிங் வரைக்கும் போயிடும். கழுவும்போது ஆல்டர்னேட்டர் மேல ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டுங்க. கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ண மறக்காதீங்க.

வயரை முறுக்கி டேப் சுத்துற இணைப்பு டிராக்டரில் ஒரு மழைக்காலம் தாங்காது. லக்கைச் சரியான கருவியால் கிரிம்ப் பண்ணணும், மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடணும். ஈயம் வச்சுப் பத்த வச்சா இன்னும் உறுதின்னு சிலர் நினைப்பாங்க. ஈயம் வயருக்குள்ள ஏறி இழைகளைக் கட்டையாக்கிடும். கட்டை முடியற இடத்தில், அதிர்வு தாங்காம ஒடியும். தகட்டு ஓட்டை வழியா வயர் போற இடத்தில் ரப்பர் கிராமெட் போடுங்க. சைலன்சர் பக்கமே வயர் போகக் கூடாது.

செய்யவே கூடாத மூணு விஷயங்கள்

ஒண்ணு, பேட்டரியைத் தலைகீழா மாட்டுறது. 1950-களில் பிரிட்டனில் செஞ்ச பல டிராக்டர்களில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படிப்பட்ட வண்டியில் இப்போ கிடைக்கிற சாதாரண ஆல்டர்னேட்டரைப் போடுறதா இருந்தா, முதல்ல முழு வண்டியையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாத்தணும். மாத்தாம மாட்டினா டயோடுகள் ஒரு நொடியில் போயிடும்.

ரெண்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழட்டிப் பார்க்கிறது. "கழட்டினாலும் வண்டி ஓடுது பாரு, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு"ன்னு சோதிக்கிற பழக்கம் டைனமோ காலத்திலிருந்து வருது. ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் கரண்டைக் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது பேட்டரியைத் திடீர்னு பிடுங்கினா, அந்தக் கரண்டுக்குப் போக இடம் இருக்காது. ரெகுலேட்டர் சுதாரிக்கிறதுக்குள்ள, பாதுகாப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் 80, 100 வோல்ட் வரை எகிறலாம். டயோடு, ரெகுலேட்டர், பல்பு எல்லாம் போகலாம். ஃபியூஸைப் பெரிசாப் போடச் சொன்னதும் இதுக்காகத்தான்.

மூணு, ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் மாட்டியிருக்கும்போதே வண்டியில் ஆர்க் வெல்டிங் பண்றது. டிரெய்லர் கொக்கியோ கலப்பையோ, எதை வெல்டு பண்ணினாலும் முன்னாடி ரெண்டையும் கழட்டிடுங்க.

செகண்ட் ஹேண்ட் ஆல்டர்னேட்டர் வாங்கும்போது

பழைய டீசல் ஜீப், வேன் ஆல்டர்னேட்டர்களில் பின்பக்கம் ஒரு வேக்குவம் பம்ப் ஒட்டியிருக்கும். அது பிரேக் பூஸ்டருக்காக. எஞ்சின் ஆயில் குழாய் இணைச்சாத்தான் அதுக்கு உயவு கிடைக்கும். டிராக்டரில் ஆயில் இல்லாம ஓடினா இறுகி, பெல்ட்டையும் அறுக்கும். பம்ப் இல்லாததை வாங்குங்க.

புல்லியையும் பாருங்க. எஞ்சின் மெதுவா ஓடுறதால ஆல்டர்னேட்டர் புல்லி சின்னதா இருந்தா அது வேகமாச் சுத்தும், குறைஞ்ச வேகத்திலேயே சார்ஜ் கிடைக்கும். பெரிய புல்லியை அப்படியே போட்டா ஐட்லில் பல்பு மினுக்கிக்கிட்டே இருக்கும்.

பத்து நிமிஷ டெஸ்ட்

வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிக்கட்டும். வேட்டி, தோளில் துண்டு எல்லாம் பெல்ட் பக்கம் வரக் கூடாது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைங்க.

1. காலையில், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரியை அளங்க. 12.6-க்கு மேல இருந்தா நிறைவு. 12.2-ன்னா பாதி. 12-க்குக் கீழன்னா பட்டினி.

2. சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. சிவப்பு பல்பு எரியணும். எரியலைன்னா பல்பு, அந்த வயர், பிரஷ், இந்த மூணில் ஒண்ணு. ஸ்குரூ டிரைவர் பின்பக்க பேரிங்கில் ஒட்டுதான்னும் பாருங்க. இப்போ ஒட்டணும், சாவி ஆஃபில் ஒட்டக் கூடாது.

3. ஸ்டார்ட் பண்ணி 1500 ஆர்பிஎம் அளவுக்குக் கொண்டு போங்க. பல்பு முழுசா அணையணும். பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வரணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போயிடுச்சு. பேட்டரி தண்ணி சீக்கிரம் வத்தும். பல்பு மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஒரு டயோடு போயிருக்கலாம்.

4. எல்லா லைட்டையும் போடுங்க. அதே வேகத்தில், மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பி பிளஸ் போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவிலும் வைங்க. 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அடுத்து ஆல்டர்னேட்டர் உடம்பும் பேட்டரி நெகட்டிவும். இது 0.2-க்குள்ள இருக்கணும். தாண்டினா வயரோ எர்த்தோ அடைச்சிருக்கு.

5. கடைசியா எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் வச்சு அளங்க. பழைய டிராக்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டணும். 2, 3 ஆம்பியர் காட்டினா மாமா வண்டிக் கதைதான். மீட்டர் இருக்கும்போது செல்ஃப் அடிச்சுடாதீங்க, மீட்டர் போயிடும்.

இந்த அஞ்சு எண்ணையும் ஒரு பேப்பரில் எழுதி, வண்டியின் டூல் பாக்ஸில் போட்டு வைங்க. அடுத்த தடவை யாராவது "பேட்டரி போயிடுச்சு"ன்னு சொன்னா, முதல்ல அந்தப் பேப்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்டயும் அதைக் காட்டுங்க. எது மாறியிருக்குன்னு தெரிஞ்சா அவருக்கும் வேலை சுலபம், தேவையில்லாத குறுக்கு வயர் இழுக்க வேண்டிய அவசியமும் வராது.

அப்படியே டிரெய்லர் பின்னாடி லைட் எரியுதான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. எரியலைன்னா, வயரிங் சரி பண்ற வரைக்குமாவது சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்க.

உங்க ஊர் வண்டியில் என்ன எண் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் திரும்ப சாஃப்ட்வேர் பக்கம் போவோம். அதுவரைக்கும், வணக்கம்.